ஒரே டிக்கெட், இரண்டு அகலம்

கே.கே. நகர் சிவன் பூங்காவில் மாலை நேரத்தில் நடப்பவர்களுள் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் உண்டு. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார். சென்ற மாதம் அவர் கேட்டது இது:

"தம்பி, 1963-ல எனக்குப் பத்து வயசு. எழும்பூர்ல ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். எங்க மாமா புறக்கோட்டையில ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தார். தனுஷ்கோடியில கப்பல், தலைமன்னார்ல மறுபடி ரயில். எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்தான். அந்தப் பக்கத்து ரயில்ல ஏறினதும், 'என்னப்பா, நம்ம ரயிலைவிட இது இவ்வளவு விசாலமா இருக்கு'ன்னு கேட்டேன். 'வெள்ளைக்காரன் காப்பித் தோட்டத்துக்காகப் போட்ட ரயில், அப்படித்தான் இருக்கும்'னார் அப்பா. அது சரியான பதிலா?"

பாதி சரியான பதில்தான். மீதிப் பாதியைச் சொல்ல ஒரு சுற்று போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவர் சென்ற ரயிலுக்குப் 'போட் மெயில்' என்று பெயர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து நெடுந்தூரம் கடலில் செல்ல வேண்டும். பாம்பன் பாலம் வந்த பிறகு ரயில் ராமேஸ்வரம் தீவைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பல் துறைக்கே சென்று நின்றது. பயணிகள் இறங்கி, சுங்கச் சோதனை முடித்துக் கப்பல் ஏறுவார்கள். சுமார் 35 கி.மீ. கடல். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கேயும் துறையிலேயே கொழும்பு ரயில் காத்திருக்கும். பிற்காலத்தில் இந்தக் கடலைக் கடந்த கப்பல்களில் 'இர்வின்', 'கோஷன்' என்ற இரண்டின் பெயர்களை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை மணல் திட்டுகளின் மீது பாலம் கட்டி, ரயிலையே நேராக ஓட்டிவிடலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் இருந்தது. செலவு மிகுதி என்று அதைக் கைவிட்டார்கள். அப்படிப் பாலம் கட்டியிருந்தால் மட்டும் எழும்பூர் ரயில் கொழும்புக்குப் போயிருக்குமா? போயிருக்காது. தலைமன்னாரிலேயே நின்றிருக்கும். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். தலைமன்னாரிலிருந்து கொழும்பு வரை 1,676 மில்லிமீட்டர். பத்து வயதுப் பெண் கண்ணால் கண்டது இந்த 676 மில்லிமீட்டரைத்தான்.

இரண்டு அகலம் எப்படி வந்தது?

இந்தியாவில் ரயில் போடத் தொடங்கியபோது டல்ஹவுசி பிரபு 6 அடி அகலம் வேண்டும் என்றார். முடிவில் 5 அடி 6 அங்குலம் என்று நிலைத்தது. அதுவே நாம் அகலப்பாதை என்று சொல்லும் 1,676 மி.மீ. இலங்கையிலும் 1864-இல் முதல் ரயில் ஓடியபோது அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மலைநாட்டுக் காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதே அந்தப் பாதையின் முதல் நோக்கம். அந்த அளவில் அம்மையாரின் தந்தை சொன்னது சரி.

இந்தியாவிலோ பணம் போதவில்லை. 1870-இல் மேயோ பிரபுவின் அரசு, கிளைப் பாதைகளையாவது மலிவாகப் போடுவோம் என்று ஒரு சிறிய அகலத்தைத் தேர்ந்தெடுத்தது. நாட்டையே மெட்ரிக் அளவுகளுக்கு மாற்றும் எண்ணம் அப்போது இருந்ததால், சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் அளவுகள் நம் கடைத்தெருவுக்கு வந்தது 1950-களின் இறுதியில்தான். தண்டவாளம் மட்டும் எண்பது ஆண்டு முந்திக்கொண்டது!

தென்னாட்டில் இந்த மாற்றம் எவ்வளவு தீவிரமாக நடந்தது என்பதற்கு நாகப்பட்டினம்–திருச்சி பாதையே சாட்சி. 1860-களின் தொடக்கத்தில் அகலப்பாதையாகப் போடப்பட்ட அதை, 1870-களில் பெயர்த்தெடுத்து மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் மறுபடியும் அகலமாக்கினோம். சென்னைவாசிகளுக்கும் மீட்டர் பாதை அந்நியமானதன்று. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் தொடங்கியதிலிருந்து 2004 வரை மீட்டர் பாதையில்தான் ஓடியது. நானும் சிறுவனாக இருந்தபோது கோடம்பாக்கத்தில் அதில் ஏறியிருக்கிறேன். அகலம் குறைவு என்று அப்போது தோன்றியதே இல்லை. ஒப்பிட வேறொன்று இருந்தால்தானே!

(உலக வழக்கில் 1,435 மி.மீ. என்பது திட்ட அளவு. அதற்குக் குறைந்தவை எல்லாம் குறுகிய பாதையே. நம் நாட்டில் மட்டும் மீட்டர் பாதையைத் தனியாக வைத்து, 762 மி.மீ., 610 மி.மீ. பாதைகளையே குறுகிய பாதை என்கிறோம்.)

குறுக்கினால் என்ன லாபம்?

லேசான தண்டவாளம், குட்டையான கட்டைகள், ஒடுங்கிய மேடு, சிறிய பாலம் என்று செலவு குறைவது வெளிப்படை. வளைவில் கிடைக்கும் லாபம் அவ்வளவு வெளிப்படையன்று.

பூங்காவில் நாங்கள் இருவரும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு அடுத்தடுத்து நடக்கிறோம் என்று வையுங்கள். அவர் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். ஒரு முழுச் சுற்று முடியும்போது நான் அவரைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக நடந்திருப்பேன்? வட்டத்தின் ஆரம் r என்றால் அவர் நடந்தது 2πr. நான் நடந்தது 2π(r+1). கழித்துப் பார்த்தால் 2π மீட்டர், அதாவது சுமார் 6.28 மீட்டர். விடையில் r இல்லை! பூங்கா சிறியதானாலும் சரி, சென்னை நகரையே சுற்றி வந்தாலும் சரி, கூடுதல் தூரம் 6.28 மீட்டர்தான். அது இடைவெளியை மட்டுமே பொறுத்தது. எங்கள் இடைவெளி 1.676 மீட்டராக இருந்தால் நான் சுமார் 10.5 மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும்.

ரயில் பெட்டியின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுழல முடியாது. வளைவில் வெளிச் சக்கரம் ஓட வேண்டிய கூடுதல் தூரத்தை ஈடுகட்டவே சக்கரத்தின் விளிம்பைச் சற்றுச் சரிவாகக் கடைந்திருப்பார்கள். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது, வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். இடைவெளி குறைந்தால் ஈடுகட்ட வேண்டியதும் குறைவு. ஆகவே இன்னும் கூர்மையாக வளையலாம். இந்திய ரயில்வே விதிப்படி அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 175 மீட்டர். மீட்டர் பாதைக்கு 109. குறுகிய பாதைக்கு 44 மீட்டர் போதும். மலை ரயில்கள் பெரும்பாலும் சிறிய அகலத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்றுக்குக் கொடுக்கும் விலை

லாபத்துக்கு ஒரு விலை உண்டு. அதைப் பாம்பனில்தான் நன்றாகக் காணலாம்.

தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஊதுங்கள். விழுந்துவிடும். அதே புத்தகத்தைச் சற்றுத் திறந்து நிறுத்தி ஊதுங்கள். நிற்கும். எடை அதே எடை, உயரம் அதே உயரம். தரையைத் தொடும் இடத்தின் அகலம் மட்டுமே மாறியது. காற்று புத்தகத்தைத் தள்ளும் விசையை, அது தாக்கும் உயரத்தால் பெருக்கினால் கவிழ்க்கும் திருப்புத்திறன் கிடைக்கும். எடையை, அடி அகலத்தின் பாதியால் பெருக்கினால் அதைத் தடுக்கும் திருப்புத்திறன் கிடைக்கும். எது பெரிதோ அது வெல்லும்.

ஒரு மீட்டர் பாதைப் பெட்டிக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். எளிமைக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். பெட்டியின் எடை 25 டன். பக்கப் பரப்பு 50 சதுர மீட்டர். காற்று தாக்கும் மையம் தண்டவாளத்துக்கு 2 மீட்டர் மேலே. பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று உண்டு. காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறக் கூடாது. அந்த வேகத்தையே எடுத்துக்கொள்வோம். அது நொடிக்குச் சுமார் 16 மீட்டர். காற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வரும்: சதுர மீட்டருக்குச் சுமார் 154 நியூட்டன். பெட்டியின் தட்டையான வடிவத்துக்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 230. இதை 50 சதுர மீட்டரால் பெருக்க 11,500 நியூட்டன். 2 மீட்டர் உயரத்தால் பெருக்க 23,000. இது கவிழ்க்கும் பக்கம்.

தடுக்கும் பக்கம்: 25,000 கிலோவை 9.8-ஆல் பெருக்கி, அரை மீட்டரால் பெருக்கினால் 1,22,500. ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் ரயிலை ஏன் நிறுத்துகிறார்கள்? காற்று சீராக அடிப்பதில்லை, குபீரென்று வீசும். ஓடும் பெட்டி வில்களின் மேல் ஆடிக்கொண்டே செல்லும். பாலமும் சற்று அசையும். கடலுக்கு நடுவே வண்டி நின்றுபோனால் இறங்கவும் இடமில்லை. ஐந்து மடங்கு என்பது காகிதத்தில் பெரிது, பாம்பனில் அவ்வளவு பெரிதன்று.

காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே நம் பெட்டி சாய்ந்துவிடும் வேகம் 58-ஐ 5.3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது: மணிக்குச் சுமார் 134 கி.மீ. வேறெதையும் மாற்றாமல் அகலத்தை மட்டும் 1.676 மீட்டராக்கினால் அந்த எல்லை 173 கி.மீ.-ஆக உயரும். இதுதான் அகலத்துக்குக் கொடுக்கும் பணத்தின் பயன்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கிய புயலின் காற்று மணிக்கு 240 கி.மீ.-க்கும் மேல் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. நம் கணக்கில் எந்த அகலமும் அதற்குத் தாங்காது. ஆனால் பாம்பனிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணி வண்டியை அன்று கொண்டுபோனதில் காற்றைவிடக் கடலுக்கே பெரும் பங்கு. ஆழம் குறைந்த கடலின் மேல் புயல் காற்று நீரைத் தள்ளிக் குவித்தது. நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நொடிக்கு 5 மீட்டர், அதாவது சைக்கிள் வேகத்தில் வரும் கடல் நீர், 240 கி.மீ. காற்றைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தத்துடன் மோதும். அந்த வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. கப்பலுக்கு வழிவிட மேலே திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் மேற்பார்வையில் 46 நாட்களில் பாலத்தைச் சீர்செய்துவிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதங்கள்கூட ஆகாத முன்புதான், அக்டோபர் 30-ஆம் நாள், சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. கப்பல் ராமேஸ்வரம்–தலைமன்னார் என்று மாறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டத்து மக்கள் தகரப் பெட்டிகளோடு தலைமன்னார் வரை அகலப்பாதையில் வந்து, 'ராமானுஜம்' கப்பலில் கடலைக் கடந்து, மண்டபம் முகாமைத் தாண்டி, தாங்கள் பார்த்திராத ஊர்களுக்கு மீட்டர் பாதையில் போனார்கள். இந்த வழியின் வரலாற்றை விடுமுறைப் பயணிகளின் நினைவுகளாக மட்டும் எழுதுவது எனக்கு ஒப்புதலில்லை. 1980-களின் நடுவில், இலங்கையில் போர் மூண்ட நிலையில், கப்பல் நின்றது. 1990-இல் தலைமன்னார் ரயிலும் நின்றது.

எல்லையை உண்மையிலேயே தாண்டிய சிறிய ரயில் ஒன்று வடக்கே இருந்தது. பீகாரின் ஜெயநகரிலிருந்து நேபாளத்தின் ஜனக்பூருக்கு 1937-இல் போடப்பட்ட 762 மி.மீ. பாதை. காட்டு மரம் ஏற்றப் போட்டது, பின்னர் மக்கள் வண்டியாயிற்று. உள்ளே இடமில்லாமல் கூரைமேலும் ஆட்கள் உட்கார்ந்து செல்வார்கள். நம் புத்தகச் சோதனையை நினைத்தால் வயிற்றைக் கலக்கும் காட்சி! ஆனால் அந்த வண்டி மெதுவாகவே செல்லும். ஜெயநகரில் இந்திய ரயிலின் அகலம் வேறு என்பதால் எல்லோரும் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். 2014-இல் அதை நிறுத்தினார்கள். இந்திய உதவியுடன் அகலப்பாதையாக்கி, 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் திறந்தார்கள். எட்டு ஆண்டுகள் அந்த ஊர்களுக்கு ரயிலே இல்லை. அகலத்தை மாற்றுவதற்குப் பணம் மட்டுமல்ல, காலமும் விலையாகிறது.

கடல் குறுக்கிட்டாலும் அகலம் ஒன்றாக இருந்தால் என்ன செய்யலாம் என்பதை ஐரோப்பாவில் செய்து காட்டினார்கள். லண்டன்–பாரிஸ் இரவு ரயிலின் தூங்கும் பெட்டிகளை 1936-இலிருந்து 1980 வரை அப்படியே கப்பலுக்குள் தள்ளி ஏற்றிக் கடலைக் கடத்தினார்கள். நடுவில் போர்க்காலத்தில் மட்டும் நின்றது. பயணி எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் இதைச் செய்திருக்க முடியாது. மீட்டர் பாதைப் பெட்டியை அக்கரையில் இறக்கினால் அதன் சக்கரங்கள் இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ளே தரையில்தான் நிற்கும்.

இன்றைய நிலைமை விந்தையானது. ராமேஸ்வரம் பாதை 2007 ஆகஸ்டில் அகலப்பாதையாயிற்று. போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் போட்டு, 2015 மார்ச்சில் ரயில் ஓடியது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி, கப்பல் வந்தால் மின்தூக்கி போல அப்படியே 17 மீட்டர் மேலெழும். ஆக, கடலின் இரு கரையிலும் முதன்முறையாக ஒரே 1,676 மி.மீ. கப்பல் ஓடிய காலத்தில் அகலம் பொருந்தவில்லை. அகலம் பொருந்தியபோது அங்கே கப்பல் இல்லை.

அகலம் ஒன்றானால் போதுமா என்றால், போதாது. பெட்டிகளின் இணைப்பி, பிரேக் முறை, சிக்னல் எல்லாம் பொருந்த வேண்டும். ஆனால் அவை பட்டறையில் தீர்க்கக்கூடியவை. ஒரு நாட்டின் தண்டவாளங்களை எல்லாம் நகர்த்துவது போன்றதன்று.

இதையெல்லாம் மறுநாள் பூங்காவில் சொல்லி முடித்தேன். அம்மையார் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

"அப்போ நம்ம பெட்டி இப்ப அங்கே ஓடுமா தம்பி?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அம்மா. நம்ம பெரம்பூர் தொழிற்சாலையில செஞ்ச டீசல் ரயில்கள் சில வருஷமா இலங்கையில ஓடுது."

"ராமேஸ்வரம் வழியாவா கொண்டுபோனாங்க?"

"இல்லை. கப்பல்ல ஏத்தி, நேரா கொழும்புக்கு."